சீனாவின் தத்தெடுப்புத் தடை: ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்த குழந்தைக்கு இனி வழியுண்டா?

பெரியம்மா, வில்லிவாக்கம்:

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் என் தங்கையும் அவள் கணவரும் அமெரிக்கக் குடியுரிமையும், இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நம் நாடு தரும் ஓசிஐ அட்டையும் உடையவர்கள். 2019ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவில் இதயக் கோளாறுள்ள மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க அவர்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அழைத்து வர நாள் குறிக்கும் நேரத்தில் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோயிற்று. நான்கரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பின், 2024 செப்டம்பர் 5 அன்று, நெருங்கிய இரத்த உறவுக்குள் தத்தெடுப்பவர்கள் போன்ற ஒருசிலரைத் தவிர இனி எந்த வெளிநாட்டவருக்கும் குழந்தைகளைத் தருவதில்லை என்று சீனா அறிவித்துவிட்டது.

எங்கள் அம்மா அந்தக் குழந்தைக்காக அப்போதே ஒரு பட்டுப்பாவாடை தைத்து, வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம் என்று அடியில் மூன்று டக் பிடித்து வைத்திருந்தார். மூன்றையும் பிரித்தாலும் இப்போது அது அவள் முழங்காலைத் தாண்டாது.

இதற்குச் சட்டப்படி ஏதேனும் செய்ய முடியுமா? இந்தியாவிலேயே அவர்கள் விண்ணப்பிக்கலாமா? அந்தந்த நாட்டுக் குழந்தை அங்கேயே வளர்வதுதானே முறை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர், அயனாவரம்:

உங்கள் உறவினர்கள் சொல்வதைத் தவறென்று தள்ளிவிட முடியாது, அம்மா. 1992 முதல் 1,50,000க்கும் மேற்பட்ட சீனக் குழந்தைகள் வெளிநாடு சென்றிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் பணம் புகுந்தது; ஹூனான் மாகாணத்தில் காப்பகங்களே குழந்தைகளை விலைக்கு வாங்கியது 2005இல் வெளிப்பட்டு, அந்நாட்டு நீதிமன்றமே அதை விசாரித்தது. நம் ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னை நடைபாதையில் தாயின் பக்கத்தில் உறங்கிய குழந்தைகளைத் திருடி, பொய்க் காகிதம் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டதும் அதே 2005இல்தான். நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்ததும் இத்தகைய பழைய முறைகேடுகளை ஒரு குழு ஆராய்ந்து சொன்ன பிறகுதான். ஆகவே தடை விதிக்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர்.

ஆனால் தடையின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை நான் காப்பகத்தில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு உள்நாட்டிலேயே பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். ஆறு வயதைக் கடந்தவர்களையும், பிரிக்கக்கூடாத உடன்பிறப்புகளையும், இதயத்திலோ செவியிலோ குறையுள்ளவர்களையும்தான் எவரும் கேட்பதில்லை. எங்களிடம் காது கேளாத சிறுவன் ஒருவன் இருந்தான். ஒவ்வோர் ஆண்டும் குழந்தை ஆய்வு அறிக்கையில் ஒட்டப் புதிய படம் எடுப்போம் என்பதால், யார் கையில் கேமராவைக் கண்டாலும் தானாகவே சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றுவிடுவான். ஒன்பதாவது வயதில் ஓர் இத்தாலியத் தம்பதியர் அவனை அழைத்துச் சென்றார்கள். அந்த ஆண்டு ஒரு தடை வந்திருந்தால் அவன் பத்தாவது படத்துக்கும் நின்றிருப்பான்.

நம் நாட்டுச் சட்டம் இங்கே நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறது. தத்துக்கு உரியவர் என்று அறிவிக்கப்பட்ட குழந்தைக்கு 60 நாட்களுக்குள் இந்தியப் பெற்றோரோ வெளிநாடுவாழ் இந்தியப் பெற்றோரோ அமையாவிட்டால்தான் வெளிநாட்டவருக்கு வாய்ப்பு. 2024-25இல் பதிவான 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தவை. இதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் முழுத் தடையைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

வழக்கறிஞர், பாரிமுனை:

சட்ட வழியைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், சீனாவுக்கு எதிராகத் தங்கள் தங்கை அணுகக்கூடிய நீதிமன்றம் எதுவும் இல்லை. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் நாடுகளின் ஒத்துழைப்பை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, இன்ன குழந்தை இன்ன பெற்றோருக்கு என்ற உரிமையைத் தருவதில்லை. ரஷ்யா 2013 ஜனவரி முதல் அமெரிக்கர்களுக்குக் குழந்தைகளைத் தர மறுத்தபோது, ஏற்பாடுகள் முடியும் தறுவாயில் இருந்த அமெரிக்கர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்று, அது பாகுபாடு என்ற தீர்ப்பை 2017இல் பெற்றார்கள். இழப்பீடு விதிக்கப்பட்டது, தடையோ அப்படியே இருந்தது. அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் சீனா வரவும் வராது.

இதில் என் மனக்குறை ஒன்று உண்டு. குவாத்தமாலா 2007இன் இறுதியில் கதவை மூடியபோது, அதுவரை பதிவான வழக்குகள் பழைய முறைப்படி தொடரலாம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு வைத்தது. அவற்றுள் சில முடியப் பல ஆண்டுகள் ஆயின என்றாலும், கதவிடுக்கில் கை மாட்டியவர்களை அது அப்படியே விட்டுவிடவில்லை. சீனாவும் அப்படி ஒரு பிரிவை வைத்திருக்கலாம்.

இந்தியாவில் விண்ணப்பிக்கத் தடையில்லை. ஓசிஐ அட்டையுடையவர்கள் உள்நாட்டவருக்கு இணையாகவே வரிசையில் வைக்கப்படுகிறார்கள். நம் நாட்டில் தத்தெடுப்பைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் அங்கீகாரம் பெற்ற, அமெரிக்காவில் உள்ள முகமை மூலம் வீட்டு ஆய்வு அறிக்கை தயாரித்துப் பதிய வேண்டும். தம்பதியரின் கூட்டு வயது 85க்குள் இருந்தால் இரண்டு வயதுவரையிலான குழந்தையும், 90க்குள் இருந்தால் நான்கு வயதுவரையிலும், 100க்குள் இருந்தால் எட்டு வயதுவரையிலும், 110க்குள் இருந்தால் பதினெட்டு வயதுவரையிலும் கோரலாம். மருத்துவமனையில் ஒரு குழந்தை இருக்கிறது, நேராக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்கவிடாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டுவரை கடுங்காவலுக்குரிய குற்றம்.

பெரியம்மா, வில்லிவாக்கம்:

இருவருக்கும் நன்றி. அவர்களுடைய கூட்டு வயது 91. ஆகவே பள்ளி செல்லும் வயதில் ஒரு குழந்தையைக் கேட்கலாமென்று மாப்பிள்ளை ஒப்புக்கொள்கிறார். தங்கைதான், அந்தப் பெண்ணின் படத்தை வரவேற்பறைச் சுவரிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறாள். அந்தக் குழந்தைக்கு ஒரு கடிதமாவது எழுத முடியுமா?

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர், அயனாவரம்:

படம் இருக்கட்டும், அம்மா; வற்புறுத்தாதீர்கள். கடிதத்தைத் தங்கை தன் முகமை வழியாக அனுப்பி, குழந்தையின் கோப்பில் வைக்கும்படி கேட்கலாம். வைப்பார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. என்றாலும் வளர்ந்த பிள்ளைகள் என்றாவது ஒருநாள் வந்து தங்கள் கோப்பைப் புரட்டியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சீனத்தில் பெயர்த்த படியையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வேண்டாமென்று அந்தக் குழந்தையை விட்டது தங்கையும் அவள் கணவரும் அல்லர் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.