நுண்ணோக்கிப் படங்களைத் தரம் பிரிப்பது எப்படி? ஸ்கிரிப்ட் குப்பைப் படத்தைத்தான் முதலிடத்தில் வைக்கிறது

ஏரிக்கரைவாசி (பெங்களூரு):
வணக்கம். ஹலசூரு ஏரித் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களை வைத்து எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்காக ஒரு படக் கண்காட்சி வைக்கப்போகிறோம். ரோட்டிஃபர் (தலையில் சுழலும் முடியுள்ள நுண்விலங்கு), பாரமீசியம் (ஒருசெல் உயிரி), டயாட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள பாசி) எல்லாம் எடுத்தாயிற்று. காம்பவுண்டு சுவர்ப் பாசியில் நீர்க்கரடியும் (எட்டுக் கால் நுண்விலங்கு) கிடைத்தது. கல்லூரியில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சாதாரண நுண்ணோக்கிதான். 4, 10, 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் (பொருள்வில்லை). கண்வில்லை மேல் போனைப் பிடித்து வைக்க ஒரு கிளாம்ப்.

படங்கள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க முடியாது என்று ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நிரல்தொகுப்பில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, லாப்லாசியன் வேரியன்ஸ் (கூர்மையை அளக்கும் ஓர் எண்) கணக்கிட்டு, கூர்மை வாரியாக வரிசைப்படுத்தினேன். முதலில் வந்து நிற்கும் படத்தில் ரோட்டிஃபர் மங்கல், பக்கத்தில் கிடக்கும் மண்துகள் பளிச். அடுத்தது வெளிச்சம் போதாமல் எடுத்தது, முழுக்கப் புள்ளி புள்ளி. அதற்கடுத்து, கீழே இருக்கும் டயஃப்ராமை (ஒளி வரும் துளையைச் சுருக்கும் திரை) நன்றாக மூடி எடுத்த படங்கள். உயிரியைச் சுற்றிக் கறுப்புக் கரை கட்டியிருக்கிறது. பார்த்தாலே நல்ல படம் என்று தெரிபவை எங்கோ அடியில் கிடக்கின்றன. மதிப்பெண் போடும் முறையை மாற்ற வேண்டுமா, எடுக்கும் முறையையா?

பிக்சல்பித்தன்:
இரண்டையும்தான் ப்ரோ. முதலில் ஸ்கிரிப்ட். லாப்லாசியனுக்கு உயிரி எது, தூசி எது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சலில் வெளிச்சம் எவ்வளவு தாவுகிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. சென்சார் இரைச்சல் பிக்சலுக்குப் பிக்சல் தாவும். மண்துகளின் விளிம்பும் தாவும். கண்ணாடி மாதிரி உடம்புள்ள ரோட்டிஃபர் எப்படித் தாவும்?

உயிரியை மட்டும் வெட்டி எடுத்து அந்தப் பகுதிக்குக் கணக்கிடுங்கள். அதற்கு முன் லேசாக காஸியன் பிளர் (படத்தை மென்மையாக்கும் வடிகட்டி) கொடுத்தால் இரைச்சல் அடங்கும். முக்கியமாக, 10-இல் எடுத்ததையும் 40-இல் எடுத்ததையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒரே உயிரியைத் தொடர்ச்சியாக எடுத்த படங்களுக்குள் எது ஃபோகஸ் என்று கேட்டால் இந்த எண் ஒழுங்காகப் பதில் சொல்லும். அதைத் தாண்டி அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, போனே படத்தைக் கூர்தீட்டித்தான் சேமிக்கிறது. விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது போன் போட்டது. ரா வடிவில் (போன் திருத்தாத மூலப்படம்) சேமிக்க வழி இருந்தால் அதில் எடுங்கள்.

விலங்கியல் டீச்சர்:
தம்பி, ஸ்கிரிப்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு உயிரிக்கும் இந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் எழுதி வையுங்கள். அது தெரிந்தால் நல்ல படம், தெரியாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்.

சாக்கடை கலந்த ஏரி என்றால் உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பிராக்கியோனஸ் வகை ரோட்டிஃபராக இருக்கும். அதன் ஓட்டின் முன்விளிம்பில் முள் இருக்கும். அதில் கேலிசிஃப்ளோரஸ் என்ற இனம் என்றால் முதுகுப் பக்கம் நான்கு. அதை எண்ண முடிகிறதா? உள்ளே தாடை அரைத்துக்கொண்டிருக்கும், அதன் வடிவம் தெரிகிறதா? பின்முள்ளையும் விடாதீர்கள். ஆஸ்பிளாங்க்னா என்று இன்னொரு ரோட்டிஃபர் இதைப் பிடித்துத் தின்னும். அது தண்ணீரில் விடும் ஒரு பொருளை உணர்ந்தால் கேலிசிஃப்ளோரஸின் அடுத்த தலைமுறை நீண்ட பின்முள்ளோடு பிறக்கிறது. பின்பக்கம் மங்கலான படத்தில் இந்தக் கதை முழுவதும் போய்விடும்.

தலையில் சுழலும் முடிகள் கொஞ்சம் கலங்கியிருந்தால் பரவாயில்லை, அவை ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பவை. உடம்பின் கோடே இரண்டிரண்டாகத் தெரிந்தால் அந்தப் படம் ஆகாது.

மல்லேஸ்வரத்துக்காரர்:
டீச்சர் சொன்னதோடு சேர்த்து அந்தக் கறுப்புக் கரை விஷயம். கண்டன்சர் (மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் வில்லை) டயஃப்ராமை மூடினால் எல்லாம் எடுப்பாகத் தெரியும், ஆழமும் கூடும். ஆனால் நுணுக்கம் செத்துவிடும். ஆப்ஜெக்டிவ் மேல் 40/0.65 என்று எழுதியிருக்கும். அந்த 0.65-தான் என்.ஏ., அதாவது ஆப்ஜெக்டிவ் எவ்வளவு அகலமாக ஒளியைச் சேர்க்கிறது என்ற எண். அதை வைத்துக் கணக்குப் போட்டால், பச்சை ஒளியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இடைவெளி இருந்தால்தான் அவை தனித்தனியாகத் தெரியும். டயஃப்ராமை மூட மூட அந்த எல்லை கெட்டுக்கொண்டே போகும். கண்வில்லையை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஒளிவட்டத்தில் முக்கால் பங்கு அளவுக்குத் திறந்திருக்கட்டும்.

சோதித்துப் பார்க்க பிளூரோசிக்மா ஆங்குலேட்டம் என்ற டயாட்டம் தயார் ஸ்லைடாகக் கிடைக்கும். அதன் ஓட்டில் கோடுகள் ஏறத்தாழ அரை மைக்ரான் இடைவெளியில் ஓடும். பழைய காலத்திலிருந்தே நுண்ணோக்கியைச் சோதிக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 40-இல் கோடு தெரிந்தால் கருவி, விளக்கு, உங்கள் கை மூன்றும் சரி. தெரியவில்லை என்றால் டயஃப்ராமைத் திறந்து பாருங்கள், கோடு எழுந்து வரும்.

ஸ்லைடில் தண்ணீர் அதிகமாக இருந்தாலும் 40-இல் படம் பனி மூடியதுபோல் வரும். அந்த ஆப்ஜெக்டிவ் 0.17 மில்லிமீட்டர் மூடுகண்ணாடிக்குக் கணக்கிட்டுச் செய்தது. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் தடிமனாக நின்று உயிரி ஆழத்தில் கிடந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். வடிதாள் ஓரத்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். உயிரியும் அதிகம் ஓடாது.

ஏரிக்கரைவாசி:
எல்லோருக்கும் நன்றி. உயிரியை மட்டும் வெட்டிக் கணக்கிட்டதும் வரிசை தலைகீழாகிவிட்டது. டயஃப்ராமைத் திறந்து எடுத்த ரோட்டிஃபரில் முன்முள் நான்கும் எண்ண வருகிறது டீச்சர். இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது. பாரமீசியம் எப்போதும் இழுபட்ட கோடாகத்தான் வருகிறது. ஷட்டரை வேகமாக்கினால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு. அப்புறம் நீர்க்கரடி: பல ஃபோகஸில் எடுத்து மென்பொருளில் ஒன்றாக அடுக்கினேன், பார்க்க அருமையாக இருக்கிறது. அதையே வைக்கலாமா?

பிக்சல்பித்தன்:
பட்டைக்குக் காரணம் விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் மலிவு எல்இடி வினாடிக்கு 100 தடவை மினுக்கும். பவர் பேங்கில் ஓடும் எல்இடிக்கு மாறிப் பாருங்கள். சிலவற்றில் மங்கலாக்கும் குமிழே மினுக்கலை உண்டாக்கும், அதனால் முழு வெளிச்சத்தில் வையுங்கள்.

பாரமீசியம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீந்தும். 1/60 வினாடியில் சுமார் 17 மைக்ரான் நகர்ந்திருக்கும். நீங்கள் பிடிக்க நினைப்பதோ அரை மைக்ரான். 1/1000-க்குப் போனாலும் ஒரு மைக்ரான் இழுபடும். அதனால் ஷட்டரை மட்டும் நம்பாமல் அதன் வேகத்தையும் குறையுங்கள். கொஞ்சம் பஞ்சு இழையைப் பிய்த்துப் போட்டால் இழைகளுக்கு நடுவே மாட்டி நிற்கும். மெத்தில் செல்லுலோஸ் கரைசல் (தண்ணீரைக் கெட்டியாக்குவது) கிடைத்தால் இன்னும் நல்லது.

விலங்கியல் டீச்சர்:
அடுக்கிய படத்தில் கால்களை எண்ணுங்கள் தம்பி. நீர்க்கரடிக்கு நான்கு ஜோடிக் கால். அடுக்கும் நேரத்தில் அது ஒரு காலை அசைத்திருந்தால் மென்பொருள் இரண்டு நிலையையும் ஒட்டிவிடும். ஐந்தாவது ஜோடி மாதிரித் தெரியும், இல்லையென்றால் நகம் இரட்டிப்பாகும். இனம் பிரிப்பதே பெரும்பாலும் நகத்தை வைத்து என்பதால் அந்தப் பிழை சின்னது இல்லை. டயாட்டம் ஓடு, இறந்த மாதிரி, இவற்றுக்கு அடுக்குவது சரி. உயிரோடு நடக்கும் பிராணிக்கு நகம் தெளிவாக உள்ள ஒன்றும், வாய்க்குழல் தெளிவாக உள்ள ஒன்றும் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் ஃபோகஸ் என்றால் என்ன என்று விளங்கும்.

மல்லேஸ்வரத்துக்காரர்:
நிக்கான் 1975 முதல் நடத்தும் ஸ்மால் வேர்ல்டு போட்டியில் தொழில்நுட்பத் திறன், அழகு, புதுமையோடு படம் என்ன தகவல் தருகிறது என்பதற்கும் மதிப்பு உண்டு. டீச்சர் கேட்பதும் அந்தத் தகவலைத்தான்.

படத்தில் அளவைக் காட்டும் அளவுகோடு போட மறக்காதீர்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற அளவுகோல் ஸ்லைடில் ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்திருக்கும், ஒரு பாகம் 10 மைக்ரான். ஒவ்வொரு ஆப்ஜெக்டிவிலும் அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். போனில் ஜூம் செய்தால் அந்தக் கணக்கு செல்லாது, அதனால் ஜூமைத் தொடவே வேண்டாம்.

ஏரிக்கரைவாசி:
அடுக்கிய படத்தில் வலது பின்காலில் நகம் இரட்டையாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டேன். இரண்டு தனிப் படங்களை ஒட்டுகிறேன், அளவுகோட்டோடு.