கிளேடு: ‘கிளை’ என்றே சொல்வோம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உயிரினங்களைப் பரிணாம உறவின்படி பிரிக்கும்போது வரும் ‘கிளேடு’ (clade) என்ற குழுவுக்குத் தமிழில் ‘பரிணாமத் தொகுதி’ என்று சொல்லலாம் என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. தமிழகப் பாடநூலில் தொகுதி என்றால் பைலம் (phylum), வகைப்பாட்டுப் படிநிலைகளில் ஒன்று. இலங்கையில் அதுவே கணம். ஒரு படிநிலைக்குப் பெயராகிவிட்ட சொல்லை, படிநிலையே இல்லாத ஒன்றுக்கு வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். மூன்று இனங்கள் ஒரு கிளேடாகலாம். விலங்குகள் அத்தனையும் சேர்ந்தும் ஆகலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு மூதாதையும் அதன் வழிவந்தவை எல்லாமும், ஒன்றுவிடாமல் உள்ளே இருக்கின்றனவா?

முருங்கையில் ஓரிடத்தில் அரிவாளைப் போடுங்கள். கொம்பு, இணுக்கு, பூ, காய் என அதில் இருந்தது மொத்தமும் கீழே விழும். ஒரே வெட்டில் விழுவது எதுவோ அதுதான் கிளேடு. ஆகவே ‘கிளை’ என்றே சொல்வோம் என்கிறேன்.

ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியர் வில்லி ஹென்னிக் 1950இல், உயிர்களைக் கிளேடுகளாகப் பிரிக்கும் இந்த வகைப்பாட்டு முறைக்கு அடித்தளமிட்டார். கிளேடு என்ற சொல்லை 1957இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கொம்பு என்று பொருள். நம் கிளைக்கோ உறவு என்ற பொருளும் உண்டு. கிளைஞர் என்றால் சுற்றத்தார். தென்மாவட்ட மறவர் சிலரிடம் தாய்வழி உறவுப்பிரிவின் பெயரே கிளைதான். ஒரே கிளைக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே மகனின் பிள்ளைகள் தங்கள் தாயின் கிளைக்குப் போய்விடுவார்கள், உயிரியல் கிளையிலோ யாரும் வெளியே போவதில்லை. இந்த வேறுபாட்டை வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

‘வங்கிக்கும் கிளை இருக்கிறதே’ என்று கேட்டிருந்தீர்கள். இயற்பியலில் ‘வேலை’ என்ற சொல்லுக்குக் கறாரான பொருள் உண்டு. அதை ஆபீஸ் வேலையோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

கிளை என்று வைத்துக்கொண்டால் மற்ற சொற்களும் தாமாகவே வந்துவிடுகின்றன. ஊர்வன என்று பாம்பு, பல்லி, ஆமை, முதலையைச் சேர்த்துப் படிக்கிறோம். ஆனால் முதலைக்குப் பல்லியைவிடப் பறவைதான் நெருங்கிய உறவு. பறவையை ஒடித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை ஊர்வன என்கிறோம். பாராஃபைலெடிக் எனப்படும் இதற்குக் ‘குறைக்கிளை’ என்ற பெயர் பொருந்தும். எதையும் ஒடிக்காமல் முழுதாக இருக்கும் மோனோஃபைலெடிக் என்பது ‘முழுக்கிளை’.

வெவ்வேறு கிளைகளில் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்ட குழு பாலிஃபைலெடிக். அதற்கு ‘ஒட்டுக்கிளை’. ஒட்டுமாங்கன்று பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: வேறு மரத்தின் கொம்பைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறது. தாமரையையும் ஆம்பலையும் பெந்தம், ஹூக்கர் என்ற தாவரவியலாளர்களின் பழைய வகைப்பாட்டில் ஒரே குடும்பமாகத்தான் வைத்திருந்தார்கள். இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஆம்பல் இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலையில் பிளவே இல்லை, காம்பு நடுவில் குடைக்கம்பி மாதிரி நிற்கும். தாமரை மகரந்தத்தில் மூன்று பள்ளங்கள். ஆம்பலில் அப்படி இல்லை. டிஎன்ஏவும் அதையே சொல்ல, 1998இல் பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி (APG) வகைப்பாடு தாமரையைப் புரோட்டியேலீஸ் வரிசையில் வைத்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றுகிறார்களே, அந்த சில்வர் ஓக் இருக்கும் வரிசை! ஒரே குளத்தில் கூடவே பூக்கும் ஆம்பல் தாமரைக்குத் தூரத்து உறவு, மலையில் நிற்கும் மரம் நெருங்கிய உறவு. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த உறவுகளை வரைந்து காட்டும் கிளேடோகிராமைக் ‘கிளைப்படம்’ என்றும், இப்படிக் கிளைகளாகப் பிரிக்கும் முறையான கிளாடிஸ்டிக்ஸைக் ‘கிளையியல்’ என்றும் சொல்லலாம். ‘கிளையம்’ என்று ‘அம்’ சேர்க்கச் சொன்ன நண்பருக்கு: அது சேர்ந்ததும் முருங்கைக் கொம்பு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது, எனக்கு அது வேண்டும்.

சினாப்போமார்ஃபிக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை. மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, கிளை முழுக்கப் பகிர்ந்துகொள்ளப்படும் பண்பு அது; பாலூட்டிகளின் பால்சுரப்பி மாதிரி. ‘பகிர்புதுப்பண்பு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.