ஆறு வாரக் குழந்தைக்கு மஞ்சள் குறையவில்லை: இத்தனை பரிசோதனைகளும் தேவையா?

கேள்வி (குழந்தையின் தந்தை):
எங்கள் மகளுக்கு ஆறு வாரம் முடிந்துவிட்டது. பிறந்த சில நாட்களில் வந்த மஞ்சள் இன்னும் கண்ணில் தெரிகிறது. தாய்ப்பாலால் வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிருபின் (மஞ்சள் நிறமி) 9.2, அதில் நேரடி பிலிருபின் 5.8 என்றும், ஜிஜிடி என்னும் கல்லீரல் நொதி 640 என்றும் வந்துள்ளது. மலம் பச்சரிசி மாவைப் போல் வெளுத்திருக்கிறது. சிறுநீர் பட்ட துணியில் மஞ்சள் கறை நிற்கிறது. ஹைடா ஸ்கேன் (பித்தம் குடலுக்கு இறங்குகிறதா என்று பார்ப்பது), பயாப்ஸி (கல்லீரலிலிருந்து சிறு திசுத் துண்டு எடுத்துப் பார்ப்பது), மரபணுப் பரிசோதனை என்று எழுதித் தந்திருக்கிறார்கள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாகச் செய்யலாமா?

பதில் 1 (குழந்தைகள் கல்லீரல் பிரிவு மருத்துவர்):
நிதானமாகச் செய்ய வேண்டாம், ஐயா. தாய்ப்பால் மஞ்சளில் கூடுவது கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத மறைமுக பிலிருபின்தான். கல்லீரல் பதப்படுத்திய நேரடி பிலிருபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டிவிட்டாலே கல்லீரலிலோ பித்தநாளத்திலோ காரணத்தைத் தேடியாக வேண்டும். உங்கள் குழந்தையின் வெளுத்த மலத்தையும் உயர்ந்த ஜிஜிடியையும் சேர்த்துப் பார்க்கும்போது, முதலில் உறுதி செய்யவோ விலக்கவோ வேண்டியது பித்தநாளம் அடைபட்டுச் சுருங்கிப்போகும் பிலியரி அட்ரீசியா என்னும் நோயாகும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1959இல் வெளியிட்ட முறைப்படி, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரல் வாயிலில் இணைக்கும் அறுவையை ஏறத்தாழ 60 நாள் வயதுக்குள் செய்தால் பித்தம் இறங்கும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும். தாமதிக்கத் தாமதிக்க அது குறைந்துகொண்டே போகும்.

வயிற்று ஸ்கேனை நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்திருந்து எடுத்தார்களா என்று கேளுங்கள், ஏனெனில் பால் குடித்ததும் பித்தப்பை சுருங்கிவிடுவதால் அதன் அளவைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாமல் போகும். பித்தநாள நீர்க்கட்டி இருந்தால் பெரும்பாலும் அந்த ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். ஹைடா ஸ்கேனில் ஊசி வழியே செலுத்திய மருந்து குடலுக்கு இறங்கினால் அட்ரீசியா இல்லை என்று விலக்கலாம். இறங்காவிட்டால் அட்ரீசியாதான் என்று முடிவு கட்ட முடியாது, கடுமையான கல்லீரல் அழற்சியிலும் மருந்து இறங்காது. இந்த ஸ்கேனுக்கு முன்பு ஐந்து நாள் பித்த ஓட்டத்தைத் தூண்டும் பீனோபார்பிடோன் மருந்து கொடுப்பது வழக்கம் என்பதால், நாள் நெருங்கிவிட்ட குழந்தைகளுக்குப் பல மருத்துவமனைகள் அந்த ஸ்கேனையே தவிர்த்து பயாப்ஸிக்குச் செல்கின்றன. இறுதித் தீர்ப்பு அறுவை மேசையில் பித்தநாளத்திற்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேதான்.

பதில் 2 (ஒரு தாய்):
என் மகனுக்கும் மலம் வெளுத்துத்தான் இருந்தது, ஹைடா ஸ்கேனிலும் மருந்து இறங்கவில்லை. ஆனால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்த மருத்துவர் ஒரு முணுமுணுப்பைக் கேட்டு, எக்கோ என்னும் இதய ஸ்கேனும் முதுகெலும்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒரு எலும்பு பட்டாம்பூச்சி வடிவில் பிளந்திருந்தது. கண் மருத்துவரும் பார்த்தார். கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் குறைவாக இருக்கும் அலஜில் என்னும் மரபணு நோய் என்றார்கள், பின்னர் மரபணுப் பரிசோதனையிலும் அதுவே உறுதியானது. அதற்குக் கசாய் அறுவை பயன் தராது. ஆகவே இதயத்தையும் கண்ணையும் பார்க்கச் சொன்னால் வீண் செலவென்று நினைக்காதீர்கள்.

பதில் 3 (ஆய்வக நுட்புநர்):
மரபணு முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். இரத்தத்தை இப்போதே கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தொடருங்கள், அதற்காக எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம். பித்தம் கல்லீரலிலேயே தேங்கும் பிஎஃப்ஐசி என்னும் பரம்பரை நோயின் முதல் இரண்டு வகைகளில் ஜிஜிடி உயராது என்பதால் 640 என்ற எண் அவற்றுக்குப் பொருந்தவில்லை. காலக்டோசீமியா (பாலிலுள்ள காலக்டோஸ் சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத நோய்), தைராய்டு குறைவு, சிறுநீர்த் தொற்று ஆகியவை மருந்தாலோ உணவு மாற்றத்தாலோ கட்டுப்படக்கூடியவை. அவற்றுக்கான சோதனைகளும் கொடுக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வீட்டில் பெரியவர்கள் கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார்கள். பயாப்ஸியில் இரத்தம் கசியுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில் 1 (மருத்துவர்):
கீழாநெல்லி வேண்டாம், அடைபட்ட நாளத்தை அது திறக்காது, அதை நம்பி வாரங்களை இழந்து வரும் குழந்தைகளைப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. பித்தம் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உடலில் சேராது, அதனால் இரத்தம் உறைவது தாமதப்படும். இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பிடி, ஐஎன்ஆர் சோதனைகளை இதுவரை பார்க்கவில்லை என்றால் இன்றே பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் வைட்டமின் கே ஊசி போட்டு, அளவு சரியான பிறகே பயாப்ஸி எடுப்பார்கள். மலத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்குக் கல்லீரல் அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நாளையே செல்லுங்கள்.