பூனையை வெளியே விடுவது பற்றி நாட்டுக்கு நாடு ஏன் இத்தனை வேறுபாடு?

கேள்வி: கான்பரா வாசகி

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் வாழ்ந்தபோது, பூனை விருப்பம்போல் தோட்டத்துக்குப் போய்வர வழிசெய்து கொடுப்பதே நல்ல வளர்ப்பு என்றார்கள். அங்குள்ள காப்பகங்கள் சில, தோட்டமில்லாத வீட்டுக்குப் பூனை தரவே தயங்குகின்றன. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவிலோ, 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த பூனைகளை இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரு நாட்டினரும் பூனையிடம் அன்புள்ளவர்களாயிருக்க, முடிவு மட்டும் ஏன் நேரெதிராக இருக்கிறது?

மறுமொழி: வனம்நாடி

சகோதரி, காரணம் மண்ணில் இருக்கிறது. ஐரோப்பாவில் காட்டுப்பூனை இயல்பாகவே வாழ்ந்ததால், அங்குள்ள சிற்றுயிர்கள் அதற்கு அஞ்சித் தப்பப் பழகியவை. ஆஸ்திரேலியாவில் பூனையினமே இருந்ததில்லை; 1788 முதல் வந்த ஐரோப்பியக் குடியேறிகளே அதைக் கொண்டுவந்தார்கள். வீட்டை விட்டுக் காடேறிய பூனைகளும், பின்னர் கொண்டுவரப்பட்ட நரிகளும் சேர்ந்து, பில்பி, நம்பாட் போன்ற சிறு பாலூட்டிகளை முன்பு வாழ்ந்த பெரும்பரப்பிலிருந்து துடைத்துவிட்டன. 2015இல் அரசு, ஐந்தாண்டுகளில் இருபது இலட்சம் காட்டுவாழ் பூனைகளைக் கொல்லத் திட்டம் அறிவித்தது. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள நியூஹேவன் காப்பிடத்தில், எஞ்சிய விலங்குகளைக் காக்க 44 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி எழுப்பி, அதனுள்ளே ஒரு பூனைகூட இல்லாதபடி செய்திருக்கிறார்கள். அந்நிலத்தின் இழப்பை அறிந்த எவருக்கும் கான்பராவின் சட்டம் கடுமையானதாகத் தோன்றாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி: பாஸ்பரஸ் கரை

வனவிலங்கைப் பற்றிய கவலை மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. பூனை யாருடைய பொறுப்பு என்ற எண்ணமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. துருக்கியின் இஸ்தான்புல்லில் பூனை தெருவுக்கே சொந்தம். கடைக்காரர் வாசலில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார். எதிர்வீட்டுக்காரர் தீனி இடுவார். நகராட்சி பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட்டுவிடும். பூனை தூய்மையற்றதன்று, உங்களைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்னும் நபிமொழியும் இந்தப் பரிவுக்கு ஓர் அடித்தளம். நடைபாதைப் படியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்திருக்கும் தொம்பிலி என்ற கொழுத்த பூனை 2016இல் இறந்தபோது, அக்கம்பக்கத்தார் கோரிக்கை விடுத்து, அதே படியில் அதே சாயலில் சிலையே வைக்கச் செய்தார்கள். உரிமையாளர் என்று ஒருவரும் இல்லாத பூனை அது!

மறுமொழி: தெம்பனிஸ் தமிழன்

சிங்கப்பூர் நிலைமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் பலர் வளர்த்தே வந்தார்கள். 2024 செப்டம்பர் முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதி உண்டு. உரிமமும், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பும் கட்டாயம். அடுக்குமாடி என்பதால் சன்னலுக்கு வலை போடுவதே இங்கே முதல் வேலை.

கான்பரா வாசகி

அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குள்ளேயே வளர்க்க முடிவு செய்துவிட்டோம். வாரில் கட்டி வெளியே அழைத்துச் செல்லலாமா?

வனம்நாடி

தாராளமாகச் செல்லலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. கழுத்துப்பட்டையிலிருந்து பூனை எளிதில் நழுவிவிடுமாதலால் மார்புவார் வாங்கி, குட்டியாக இருக்கும்போதே வீட்டுக்குள் சில நாட்கள் அணிவித்துப் பழக்கிவிடுங்கள்.