மூடுபனிக் காட்டு மரத்துக்குப் பாலை மரத்தின் இலை எதற்கு?

நிலாவெளியான்:
மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் எதையும் பறிக்கக் கூடாது என்பதால், அங்குள்ள மூடுபனிக் காட்டு மரமான கீனாவின் தாழ்ந்த கிளையொன்றிலிருந்த இலையைப் பத்து ரூபாய் நாணயத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வந்தேன். வீட்டுப் பாலை மரத்தின் இலையோடு ஒப்பிட்டால், இரண்டுமே சிறியவை, தடித்தவை, தோல்போல விறைத்தவை. மாதக்கணக்கில் மழை காணாத திருகோணமலையில் பாலை நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது விளங்குகிறது. மூடுபனியில் சட்டையே நனைந்துவிடும் 2,100 மீற்றர் உயரத்தில் கீனாவுக்கு அந்தச் சிக்கனம் எதற்கு? தாழ்நில மழைக்காடான சிங்கராஜ வனத்தில் கண்ட இலைகள் பல அகன்று, நுனி நீண்டிருந்தனவே.

உப்புவெளி ஆசிரியை:
தம்பி, கீனா சிக்கனம் செய்வது நீரை அன்று, உணவை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் உதிர்ந்த இலைகள் மெதுவாகவே உக்குவதால், நைதரசன் சருகுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். போதாததற்கு முகில் வெயிலை மறைக்கிறது, இலைவழி நீர் ஆவியாகும் ஆவியுயிர்ப்பும் மந்தமாகிறது. இவ்வளவு நெருக்கடியில் ஆக்கிய இலையை ஓராண்டில் உதிர்த்துவிட மரத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பல ஆண்டுகள் உழைக்கும்படி தடிப்பாக அமைக்கிறது. சிங்கராஜவிலோ ஒளிக்கான போட்டியில் மரங்கள் 30, 40 மீற்றர் வரை உயர்கின்றன. நீண்ட நுனி மழைநீரை விரைவில் வடியச் செய்கிறது. மலைமரங்கள் அதில் பாதி உயரத்தை எட்டுவதே அரிது.

மூதூர் வாசகன்:
ஆசிரியை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் மூடுபனி இருப்பதில்லை. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புல்வெளியில் உறைபனி படியும், பகலில் புற ஊதாக்கதிர் கடுமையாக இறங்கும், தென்மேற்குப் பருவத்தில் காற்றும் ஓயாது. குடை விரித்தாற்போன்ற அந்தத் தட்டையான மரமுடிகளுக்குக் காற்றையும் கணக்கில் சேர்க்காமல் விளக்கம் சொல்ல முடியாது.

உப்புவெளி ஆசிரியை:
காற்றை விட்டது என் தவறுதான். இன்னொன்று: இந்த வேறுபாடுகள் எல்லாமே பிறப்பில் வந்தவை அல்ல. ஹவாய்த் தீவுகளில் கடலோரம் முதல் சுமார் 2,500 மீற்றர் வரை வளரும் ஓஹியா மரத்தின் நாற்றுகளை ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தபோது, உயர்மலைச் செடிகளின் இலைமயிர் மாறாமல் நின்றது. வேறு சில பண்புகளோ புதிய சூழலுக்கு ஏற்ப மாறின.

நிலாவெளியான்:
நன்றி, ரீச்சர். எங்கள் பாலையிலேயே கிணற்றடி நிழலில் உள்ள இலைகள் வெயில் படும் கிளையின் இலைகளைவிட மெல்லியவையாக இருப்பதை இப்போதுதான் தடவிப் பார்த்து அறிந்தேன்.