வில்லோ தட்டில் பழுப்புக் கறை, ப்ளீச் போடலாமா? அவசரம்

லீட்ஸ்வாசி: சந்தையில் பழைய நீலத் தட்டு ஒன்று வாங்கினேன், வில்லோ டிசைன் (வில்லோ மரம், பாலம், மண்டபம் உள்ள சீனபாணிப் படம்). ஓரத்தில் பழுப்புக் கறை. சோப்பு, சோடா உப்பு எதற்கும் அசையவில்லை. ராத்திரி ப்ளீச்சில் ஊறவைக்கலாமா? நாளைக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும்.

நீலாம்பரி: ப்ளீச் வேண்டவே வேண்டாம். கிளேஸில், அதாவது மேலே உள்ள கண்ணாடிப் பூச்சில், மயிரிழை விரிசல் இருக்கிறதா? பின்னால் என்ன முத்திரை? எங்காவது ஒட்டு, தங்கக்கோடு?

பழையசரக்கு: கறையே போலியாக இருக்கும். புதுத் தட்டை டீத்தண்ணீரில் போட்டுப் பழசாக்குவார்கள். சந்தைச் சரக்கை நான் நம்புவதே இல்லை.

ஸ்டோக் பெரியவர்: தம்பி, வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும். எத்தனை முறைதான் எழுதுவது! ஸ்போட் என்ற பீங்கான் தயாரிப்பாளர் 1784 வாக்கில் இங்கிலாந்தின் ஸ்டோக்கில் கைகூடச் செய்த நீல அச்சு முறை இது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்து, தட்டில் ஒட்டித் தேய்ப்பார்கள். கிளேஸ் அதற்கு மேல்தான். ஓரப்பட்டையில் காகிதம் சேரும் இடத்தில் டிசைன் பொருந்தாமல் வெட்டுப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

நீலாம்பரி: ஐயா, அவர் கேட்டது கறையைப் பற்றி.

லீட்ஸ்வாசி: விரிசல் இருக்கு, வலை மாதிரி. ஒட்டு, தங்கம் இல்லை. பின்னால் இங்கிலாந்து என்று மட்டும். 1790 தட்டு என்றார் விற்றவர்.

ஸ்டோக் பெரியவர்: 1790 என்பது டிசைனின் வயது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரை அச்சிடச் செய்தது அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம். உங்கள் தட்டு 1891க்கு அப்புறம்தான்.

காக்கை: அதற்கு முன்பும் அந்தப் பெயரைப் போட்டவர்கள் உண்டு. பெயர் இல்லாததெல்லாம் பழசும் இல்லை.

ஸ்டோக் பெரியவர்: முன்பே போட்டவர் யார் என்று சொல்லுங்கள், கேட்போம்.

பழையசரக்கு: தட்டில் இருப்பது சீனப் பழங்கதைதானே? காதலர் இருவரும் புறாவாக மாறுவார்களே.

காக்கை: சீனாவில் அப்படி ஒரு கதையே இல்லை. தட்டு விற்க இங்கிலாந்தில் கட்டிய கதை. பாலம், மண்டபம் எல்லாம் சீனப் பீங்கானைப் பார்த்து வரைந்தவை, அவ்வளவுதான்.

பழையசரக்கு: எங்கள் வீட்டில் சீனாக்காரரே சொன்னார்!

நீலாம்பரி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். லீட்ஸ்வாசி, விரிசல் வழியாக எண்ணெயோ டீயோ உள்மண்ணில் இறங்கியிருக்கிறது. ப்ளீச்சின் உப்பு உள்ளே தங்கிப் படிகமாகி, கிளேஸையே உதிர்த்துவிடும். ஒரு நாள் வெறும் தண்ணீரில் ஊறட்டும். பிறகு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி மூடிவையுங்கள், கையுறை அவசியம். நாட்கணக்கில் ஆகும், நாளைக்குள் நடக்காது.

லீட்ஸ்வாசி: சரி அக்கா. பரிசுக்கு சாக்லேட் வாங்கிவிட்டேன்.

லீட்ஸ்வாசி: கறை பாதிக்கு மேல் போய்விட்டது. தட்டு இனி எனக்கே. நன்றி.

ஸ்டோக் பெரியவர்: ஓரப்பட்டையில் வெட்டு இருந்ததா இல்லையா?