சொல் தேவை: ‘எதிரொலி அறை’ சரியா? வெள்ளிக்கிழமை அச்சு

கிளிநொச்சி, ஊடகக் கற்கை ஆசிரியை:

வணக்கம். க.பொ.த. உயர்தர மாணவருக்கான கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. மூன்றாம் அலகு, சமூக ஊடகமும் தேர்தல் எதிர்பார்ப்பும். ஒரே கருத்துடையோர் தங்களுக்குள்ளேயே பேசிப் பேசி, ஊரே தங்கள் பக்கம் என்று நம்பிவிடுகிற இடத்துக்கு (ஆங்கிலத்தில் echo chamber) ‘எதிரொலி அறை’ என்று போட்டிருக்கிறேன். மாதிரிப் பக்கத்தைப் படித்த பிள்ளைகள் சிலர், ‘எதிர்க்கருத்து ஒலிக்கும் இடம்’ என்று விளக்கம் எழுதுகிறார்கள். பொருள் தலைகீழ்.

பாடத்தின் உதாரணம் நம் பக்கத்ததுதான். 2024 செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலுக்கு முன், தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் பற்றிய பதிவுகள் மட்டுமே ஓடிய வட்ஸ்அப் குறூப் ஒன்றில் இருந்தவர், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அவருக்கே முதலிடம் என்று கணக்குப் போட்டிருப்பார். முதலிடம் சஜித் பிரேமதாசவுக்குப் போனது. இரண்டு மாதம் கழியுமுன், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 2 தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு. இரண்டு முடிவுக்கும் வாயடைத்துப்போனவர்கள் இருந்த இடத்துக்குப் பெயர் என்ன?

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ரீச்சர், பிள்ளைகள் தடுமாறுவதற்குச் சொல்லைக் குறை சொல்லாதீர்கள். எதிர்தல் வேறு, எதிர்த்தல் வேறு. எதிர்தல் என்றால் முன்னே வருதல், சந்தித்தல். எதிரொலி வினைத்தொகை: எதிர்ந்த, எதிர்கின்ற, எதிரும் ஒலி. எதிர்வீடு என்ன பகை வீடா? உங்கள் அலகின் தலைப்பிலேயே ‘எதிர்பார்ப்பு’ இருக்கிறதே, அதிலும் யாரோ யாரையோ எதிர்க்கிறார்களா?

ஆனாலும் இதைவிட நல்ல சொல் உண்டு. சிலம்புதல். ஒலித்தல், எதிரொலித்தல் இரண்டுக்கும் பழஞ்சொல். மலைக்குச் சிலம்பு என்று பெயர் வந்ததே குரலைத் திருப்பித் தருவதால்தான் என்பது என் துணிபு. ‘சிலம்பறை’ என்று வையுங்கள். இன்னொன்றும் கவனிக்க: சிலம்பி என்றால் சிலந்தி. சிலந்திக்கு வலை, நீங்கள் பேசுவதும் வலைத்தளம்.

மாங்குளம், பௌதிகவியல்:

ஐயா, சிலந்திவரை போய்விட்டீர்கள். வன்னியில் மலைக்கு எங்கே போவது? குளக்கட்டில் நின்று கத்தினால் கொக்குத்தான் பறக்கும். முல்லைத்தீவில் சிலம்பு என்று சொன்னால் பிள்ளைகளின் நினைவு நேரே வற்றாப்பளைக் கண்ணகியிடம் போகும், வட்ஸ்அப்புக்கு வராது.

பௌதிகப்படி பார்த்தால் ‘எதிரொலி’யே பிழை. மூலஒலியும் தெறித்து வரும் ஒலியும் வேறுவேறாகக் கேட்க 0.1 செக்கன் இடைவெளி வேண்டும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். போய்வர 34 மீற்றர், ஆகவே சுவர் 17 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். அதைவிடக் கிட்ட இருந்தால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது முதல் எது மறுபடி என்று பிரிக்க முடியாத முழக்கமாகிவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் இதற்கென்றே கட்டிய அறையில் வழுவழுப்பான கடினச் சுவர், ஒரு பக்கம் ஒலிபெருக்கி, மறுபக்கம் ஒலிவாங்கி. ஒரு குரலை உள்ளே விட்டால் பல குரல் போல வெளியே வரும். சமூக ஊடகத்தில் நடப்பதும் இதுதான்: ஒரே பதிவு பத்துப் பேரிடமிருந்து வந்தால் பத்துச் சாட்சி என்று எண்ணுகிறோம். ஆகவே ‘முழக்க அறை’.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

‘முழக்கம்’ என்றால் ஊர்வலத்தில் கோஷம் போடுவது, சேர். அதுவும் தேர்தல் பாடத்தில்! ‘எதிரொலி’ என்ற சொல்லுக்கும் பத்திரிகைகள் ஏற்கெனவே வேறு வேலை கொடுத்திருக்கின்றன. ‘விலையேற்றத்தின் எதிரொலி’ என்றால் விளைவு.

சொல்லுக்கு முன் பொருளைப் பிரிப்போம். கையேட்டின் வரைவில் இரண்டு சங்கதி ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. அமெரிக்க இணையச் செயற்பாட்டாளர் ஈலை பரிசர் 2011 இல் பேசிய வடிகட்டிக் குமிழி (filter bubble) வேறு: நாம் எதைத் தட்டினோம், எதில் நின்றோம் என்று பார்த்து, பேஸ்புக் அதே மாதிரியானதை மேலே தள்ளும், மற்றது கண்ணில் படாது. வட்ஸ்அப்பில் அப்படித் தரம்பிரிக்கும் அல்கோரிதம் குறூப்புக்குள் கிடையாது, வந்த ஒழுங்கிலேயே வரும். அங்கே அறையைக் கட்டுவது அட்மினும் ஆட்களும். சி. தீ நுயென் என்ற தத்துவவியலாளர் காட்டும் வேறுபாடு இங்கேதான் பயன்படும். குமிழிக்குள் மாற்றுக் குரல் கேட்பதில்லை. அறைக்குள் கேட்கிறது, ஆனால் சொன்னவனை நம்பக்கூடாது என்று முன்கூட்டியே பழக்கியிருக்கிறார்கள்: காசு வாங்கினவன், துரோகி, அவங்கட ஆள். குமிழியை ஒரு பத்திரிகையை நீட்டி உடைக்கலாம். அறைக்குள் அதே பத்திரிகையை நீட்டினால், நீட்டினவரையும் சேர்த்து வெளியே போடுவார்கள்.

வகுப்பில் கண்டுபிடிக்க ஒரு வழி. குறூப்பில் மாற்றுச் செய்தி வந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். அதற்கு வந்த முதல் மறுமொழி செய்தியைப் பற்றியதா, அனுப்பியவரைப் பற்றியதா? ஆளைப் பற்றியே திரும்பத் திரும்ப வந்தால் அது அறை. பலமுறை கைமாறிய செய்திக்கு வட்ஸ்அப் போடும் இரட்டை அம்புக்குறியை மட்டும் நம்பவேண்டாம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்தது; எழுத்தைப் பிரதிசெய்து ஒட்டினால் குறியும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை.

சொல்? ‘எதிரொலி அறை’யே போதும். பிள்ளைகள் நாளைக்கு இணையத்தில் தேடும்போது அகப்படுவது அதுதான்.

புதுக்குடியிருப்பு, கூத்து ஆய்வு:

முல்லை மோடிக் கோவலன் கூத்து ஆடும் மண்ணில் இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஆடுபவர் அடியைப் பாட, அதையே பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். மறுத்துப் பாடுவதில்லை. ‘பிற்பாட்டுக் கூடம்’ என்றால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

முல்லைத்தீவு:

தம்பி, பிற்பாட்டுக்காரருக்குத் தாங்கள் பிற்பாட்டுக்காரர் என்று தெரியும். குறூப்பில் இருப்பவருக்கு அது தெரியாது. தானே யோசித்துச் சொன்னதாக நினைக்கிறார். அதனால்தான் ‘ஒத்தூதறை’யும் நான் சொல்லவில்லை. ஒத்து என்பது நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழல், இப்போது அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. ஒத்தூதுபவன் லாபம் பார்த்து ஊதுகிறான். இவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். வேண்டுமானால் ‘ஒத்தொலி அறை’. ஒத்து ஒலித்தல், குற்றியலுகரம் கெட்டுப் புணரும். ‘எதிர்’ என்ற தொல்லையும் இல்லை.

மாங்குளம்:

ஒத்தொலி நல்லாயிருக்கு. ஆனால் வினாத்தாள் தயாரிப்பவருக்கு அது தெரியாதே?

கிளிநொச்சி:

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை. ‘எதிரொலி அறை’ நிற்கிறது. முதல் முறை வரும் இடத்தில் ‘(ஒத்தொலி அறை)’ என்று சேர்க்கிறேன். குமிழியைத் தனிப் பந்தியாகப் பிரித்துவிட்டேன், வவுனியா சொன்ன முதல் மறுமொழிச் சோதனை பயிற்சி 4 ஆகிறது. ‘எதிர்’ இங்கே பகை அல்ல என்று ஒரு வரி அடிக்குறிப்பு.

முல்லைத்தீவு:

அடிக்குறிப்பில் எதிர்தல், எதிர்த்தல் இரண்டையும் போடுங்கள். சிலம்பை விட்டதை நான் ஏற்கவில்லை.

புதுக்குடியிருப்பு:

நானும்தான். என் வகுப்பில் பிற்பாட்டுக் குறூப் என்றே சொல்லப்போகிறேன்.